ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. ஆனாலும் மகன் இப்போது ஓடக் கூடாது

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. காவலர் தேர்வுக்காகத் தினமும் காலையில் மைதானத்தில் ஓடிப் பயிற்சி செய்துவந்தான். சென்ற மாதம் காய்ச்சல், தொண்டை வலி, வயிற்றுப்போக்கு என்று நான்கு நாட்கள் படுத்திருந்தான். காய்ச்சல் விட்ட மறுநாளே, தேர்வு நெருங்குகிறதே என்று நான்தான் அவனை எழுப்பி ஓட அனுப்பினேன். அன்று இரவு நெஞ்சு வலி என்று துடித்துப்போனான். இ.சி.ஜி. மாறியிருக்கிறது, ட்ரோபோனின் கூடியிருக்கிறது, மாரடைப்பாக இருக்கலாம் என்று சொல்லி ஆஞ்சியோ செய்தார்கள்; அடைப்பு எதுவும் இல்லை. எக்கோவில் 45 சதவிகிதம் என்று எழுதியிருக்கிறார்கள். இது மயோகார்டைட்டிஸ் என்று சொல்லி, ஐந்து நாட்கள் வைத்திருந்து, ராமிப்ரில், மெட்டோப்ரோலால் மாத்திரைகளுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள், நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. இப்போது அவனுக்கு வலி இல்லை. அடைப்பே இல்லாதபோது மாத்திரை எதற்கு? 2021-இல் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசிதான் காரணம் என்று உறவினர்கள் சொல்வது உண்மையா? இன்னும் இரண்டு மாதத்தில் உடற்திறன் தேர்வு இருக்கிறது, அவன் ஓடலாமா? என் கணவரின் தம்பியும் 34 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார் என்பதால் பயமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் இது தொற்றுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க நேரமில்லை என்பதால் அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் வரும் ஓட்டத்தில் உங்கள் மகன் கலந்துகொள்ளக் கூடாது. பயிற்சிக்காகவும் ஓடக் கூடாது. உடற்பயிற்சிக் கூடத்துக்கும், கபடிக்கும், கிரிக்கெட்டுக்கும் இதே பதில்தான். வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்பவை எல்லாம் மகிழ்ச்சியான செய்திகள்தான் என்றாலும், இதயத்தசையின் அழற்சி (மருத்துவர்கள் சொன்ன மயோகார்டைட்டிஸ் இதுதான்) அடங்கிவிட்டது என்பதற்கு அவை சான்று ஆகா. இந்த நோயில் வலி சில நாட்களில் நின்றுவிடும். தசைக்குள் காயம் ஆறுவது அதற்குப் பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும். அந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. இளைஞர்கள் 'குணமாகிவிட்டது' என்று நம்பி மைதானத்துக்குத் திரும்புவதும் அதே இடைவெளியில்தான்.

இனி, நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம். மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் ஒன்று அடைபட்டு, அந்தக் குழாய் ஊட்டும் பகுதியின் தசை ரத்தம் இல்லாமல் அழியத் தொடங்குகிறது. இதயத்தசை அழற்சியில் குழாய்கள் திறந்தே இருக்கின்றன; தசையின் செல்களே நேரடியாகத் தாக்கப்பட்டு, வீங்கி, அவற்றில் ஒரு பகுதி அழிகிறது. எப்படி அழிந்தாலும் இதயத்தசைச் செல்லுக்குள் இருக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆகவே ட்ரோபோனின் பரிசோதனை 'இதயத்தசை காயப்பட்டிருக்கிறது' என்று சொல்லுமே தவிர, காயப்படுத்தியது எது என்று சொல்லாது. இ.சி.ஜி.யிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். நெஞ்சு வலியும், மாறிய இ.சி.ஜி.யும், கூடிய ட்ரோபோனினும் ஒன்றாக வந்த இளைஞருக்கு உடனே ஆஞ்சியோ செய்து குழாய்களைப் பார்த்த மருத்துவர்கள் சரியானதைத்தான் செய்திருக்கிறார்கள். 'தேவையில்லாமல் ஆஞ்சியோ செய்துவிட்டார்கள்' என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். நம் நாட்டில் முப்பது வயதுக்குள்ளும் மாரடைப்பு வருகிறது. பார்க்காமல் விட்டிருந்தால்தான் தவறு.

அடைப்பு இல்லை என்ற சொல் உங்கள் வீட்டில் 'இதயத்தில் ஒன்றும் இல்லை' என்று புரிந்துகொள்ளப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. பல குடும்பங்களில் இப்படித்தான் நடக்கிறது. ஆஞ்சியோ குழாயின் உட்புறத்தை மட்டுமே காட்டும். தசையின் நிலையை எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும்தான் காட்டும். உங்கள் மகனின் எக்கோவில் எழுதப்பட்ட 45 சதவிகிதம் என்பது, இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை பங்கு வெளியேற்றப்படுகிறது என்ற கணக்கு. இதைப் பார்த்துவிட்டு 'இதயம் பாதிதான் வேலை செய்கிறது' என்று அஞ்ச வேண்டாம். முழு ஆரோக்கியமான இதயம்கூட ஏறக்குறைய 55 முதல் 70 சதவிகிதம்தான் வெளியேற்றுகிறது. யாருடைய இதயமும் நூறு சதவிகிதத்தை வெளியேற்றுவதில்லை. எனவே 45 என்பது லேசான குறைவு. அதே சமயம், தினமும் ஓடிப் பழகிய 23 வயது இளைஞருக்கு அது கட்டாயம் கவனிக்க வேண்டிய குறைவும்கூட. அந்த எண் மேலே ஏறுகிறதா, அங்கேயே நிற்கிறதா, கீழே இறங்குகிறதா என்பதுதான் வரும் மாதங்களில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி.

காரணத்துக்கு வருகிறேன். உலகம் முழுவதும் இதயத்தசை அழற்சிக்கு முதன்மையான காரணம் வைரஸ்கள்தான். காக்ஸாக்கி பி வகை வைரஸ், அடினோ வைரஸ், பார்வோ வைரஸ் பி19, இன்ஃப்ளூயன்சா, கொரோனா, நம் ஊரில் டெங்கு என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றில் பல சாதாரண சளி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடு முடிந்துபோகும். தொற்று கண்ட மிகப் பெரும்பாலோருக்கு இதயத்தில் எதுவும் நேர்வதில்லை. ஒரு சிலருக்கு மட்டும் வைரஸ் ரத்தத்தின் வழியே இதயத்தை அடைந்து, தசைச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. காக்ஸாக்கி வைரஸும் சில அடினோ வைரஸ்களும் ஒரே ஏற்பியைத்தான் பயன்படுத்துகின்றன. உள்ளே நுழைந்த காக்ஸாக்கி வைரஸ் தன் நொதியால், தசைச் செல்லின் கட்டமைப்பைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தை வெட்டிவிடுவதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. இது முதல் அடி. அடுத்த அடியைத் தருவது நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே: வைரஸ் புகுந்த செல்களை அழிக்க அவை படையெடுத்து வரும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. பெரும்பாலோருக்கு இந்தத் தாக்குதல் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. ஒரு பகுதியினருக்கு அது அடங்காமல் நீடிக்கிறது, அல்லது அடங்கிய பிறகு தழும்பை விட்டுச்செல்கிறது. காய்ச்சல் விட்ட பிறகு நெஞ்சு வலி வந்ததன் காரணமும் இந்த வரிசைதான். காய்ச்சலுக்கும் நெஞ்சு வலிக்கும் இடையே சில நாட்களோ ஒன்றிரண்டு வாரங்களோ இருப்பது இந்த நோயின் வழக்கம்.

உங்கள் மகனுக்கு வந்தது எந்த வைரஸ் என்று இனித் தெரியவராமல் போகலாம். பெரும்பாலான நோயாளிகளுக்கு அது தெரிவதில்லை, தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் காய்ச்சலுக்குப் பின் இதயம் பாதிக்கப்பட்டால், மருந்து இருக்கிற காரணங்கள் விடுபட்டுவிடவில்லை என்பதை உறுதிசெய்தாக வேண்டும். அவற்றில் முதலாவது உண்ணிக் காய்ச்சல். புதர்களிலும் வயல் ஓரங்களிலும் உள்ள மிகச் சிறிய உண்ணியின் கடியால் வரும் இது வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் புதிதல்ல. அக்குளிலோ தொடை இடுக்கிலோ இடுப்பிலோ கருத்த பொருக்கோடு வலியில்லாத ஒரு சிறு புண் இருந்ததா என்று மகனிடம் கேளுங்கள். பலர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். கவனித்தாலும் மருத்துவரிடம் காட்ட மாட்டார்கள். டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் என்ற எளிய மருந்துக்குக் கட்டுப்படும் நோய் இது. தவறவிட்டால் நுரையீரலையும் இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடியது. எலிக்காய்ச்சலும் இதயத்தைத் தொடும். தொண்டை அடைப்பான் நோயில், தொண்டை ஓரளவு ஆறிவரும் வேளையில் அந்தக் கிருமியின் நச்சு இதயத்தைத் தாக்கும். தொண்டை வலியோடு தொடங்கியதாக நீங்கள் எழுதியிருப்பதால் அவருடைய தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்டவையா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கான பரிசோதனைகள் மருத்துவமனையிலேயே செய்யப்பட்டிருக்கக்கூடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அவை இல்லையென்றால் அடுத்த முறை செல்லும்போது கேளுங்கள்.

கிருமிகள் அல்லாத காரணங்களும் உண்டு. லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், சார்க்காய்டோசிஸ், புற்றுநோய்க்குத் தரப்படும், நோய் எதிர்ப்பைத் தூண்டும் சில மருந்துகள், மனநல சிகிச்சையில் பயன்படும் குளோசபைன், தேள்கடி நஞ்சு ஆகியவை அந்த வரிசையில் அடங்கும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் 1909-இல் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்த ஒட்டுண்ணி நோயே இதயத்தசையைத் தாக்கும் பெரிய காரணமாக இருக்கிறது. உங்கள் மகனின் கதை இவற்றோடு பொருந்தவில்லை என்பதால் நான் இவற்றில் நிற்கவில்லை. உடற்பயிற்சிக்காக ஏதாவது பொடியோ மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டாரா என்பதை மட்டும், திட்டாமல், தனியாக அழைத்துக் கேளுங்கள். தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் செய்தி அது. மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.

தடுப்பூசி பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. ஃபைசர், மாடர்னா நிறுவனங்களின் எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளுக்குப் பிறகு, அரிதாக, முக்கியமாக இளம் ஆண்களுக்கு, பெரும்பாலும் இரண்டாவது தவணைக்குப் பின் சில நாட்களுக்குள் இதயத்தசை அழற்சி வந்ததை 2021-இலேயே இஸ்ரேலும் அமெரிக்காவும் பதிவுசெய்தன. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் லேசாக இருந்து தணிந்தது. கொரோனா தொற்றாலும் இதே அழற்சி வருகிறது. உங்கள் மகன் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு. அது வேறு வகைத் தடுப்பூசி. அதைவிட முக்கியமானது கால இடைவெளி: ஊசி போட்ட சில நாட்களில் வருவதுதான் அந்த அழற்சி, பல ஆண்டுகள் கழித்து ஒரு காய்ச்சலின் மறுநாள் வருவது அதுவல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகளின் வழியே, 18 முதல் 45 வயது வரையிலானவர்களின் காரணம் புரியாத திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவிலும் தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. அதே ஆய்வு ஆபத்தோடு தொடர்புடையவையாகக் கண்டவற்றை உங்கள் உறவினர்களும் அறிந்துகொள்வது நல்லது: கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தது, அதே 48 மணி நேரத்தில் கடுமையான உடற்பயிற்சி செய்தது. இவற்றில் இரண்டு உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

அந்த இரண்டில் ஒன்றை நீங்கள் கடிதத்தின் இறுதியில் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை கடிதத்தில் அதிகக் கனமான வரி அதுதான். கணவரின் தம்பி 34 வயதில் தூக்கத்தில் இறந்தார் என்கிறீர்கள். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். குழாய் அடைப்பினால் வந்த மாரடைப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இதயத்தசைச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களில் பரம்பரையாகக் குறை உள்ள சில குடும்பங்கள் உண்டு. டெஸ்மோபிளாக்கின் என்ற புரதத்தின் மரபணு மாற்றம் அவற்றில் ஒன்று. அத்தகையவர்களுக்கு நோயின் முதல் வெளிப்பாடே நெஞ்சு வலி, கூடிய ட்ரோபோனின், திறந்த குழாய்கள் என்று, வைரஸால் வந்த அழற்சியைப் போலவே வரக்கூடும். உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. தொண்டை வலியும் வயிற்றுப்போக்குமாகத் தொடங்கியதால் வைரஸ் என்பதே முதல் ஊகம். இருந்தாலும் இந்தச் செய்தி இருதய மருத்துவரின் காதுக்குப் போயே ஆக வேண்டும். சித்தப்பா இறப்பதற்கு முன் மயங்கி விழுந்ததுண்டா, படபடப்பு என்று சொன்னதுண்டா, அவருக்கு எடுத்த பழைய இ.சி.ஜி. ஏதாவது வீட்டில் இருக்கிறதா, கணவரின் தரப்பில் வேறு யாராவது நாற்பது வயதுக்குள் இறந்திருக்கிறார்களா என்று விசாரித்து எழுதிக்கொண்டு செல்லுங்கள். மகனுக்கு இந்த அழற்சி மறுமுறை வந்தாலோ, எம்.ஆர்.ஐ.யில் தழும்பு குறிப்பிட்ட வடிவத்தில் தெரிந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரே பேசுவார்.

ஆகவே எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள். செலவை நினைத்துத் தயங்கியிருப்பீர்கள் என்று புரிகிறது. ஆயினும் இந்த நோயில் வேறு எந்தப் பரிசோதனையும் சொல்லாததை அது சொல்கிறது. காடோலினியம் என்ற மருந்தை நரம்பில் செலுத்திவிட்டு எடுக்கும் படத்தில் காயப்பட்ட தசை தனித்து ஒளிரும். மாரடைப்பில் சேதம் எப்போதும் இதயச் சுவரின் உட்புற அடுக்கில் தொடங்கி வெளிநோக்கிப் பரவும். வைரஸ் அழற்சியில் உள் அடுக்கு பெரும்பாலும் தப்பிவிட, வெளி அடுக்கிலும் நடு அடுக்கிலும், அதிலும் பக்கவாட்டுச் சுவரில், திட்டுத்திட்டாகச் சேதம் தெரியும். தசையில் நீர் கோத்திருப்பதையும் வேறு வகைப் படங்கள் காட்டும். இவற்றைச் சேர்த்துப் படிப்பதற்கான லேக் லூயிஸ் அளவுகோல் 2009-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பட்டது. நோய் தொடங்கிய முதல் சில வாரங்களில் எடுத்தால் வீக்கம் தெளிவாகத் தெரியும். உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. இப்போது எடுத்தாலும் தழும்பு இருக்கிறதா, எவ்வளவு, எந்த இடத்தில் என்பது தெரியும். மாதங்கள் கழித்து எடுக்கப்போகும் இன்னொரு படத்தோடு ஒப்பிடுவதற்கும் இது அடிப்படையாக இருக்கும். எடுக்கும் முன் கிரியாட்டினின் பார்த்து சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வார்கள்.

தழும்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் இதயத்தின் மின்னோட்டம். ஆரோக்கியமான தசையில் மின் அலை தடையில்லாமல் பாய்ந்து துடிப்பு சீராக நடக்கும். வீங்கிய தசையையோ தழும்பையோ சந்திக்கும் அலை, வாய்க்காலில் கிடக்கும் கல்லைச் சுற்றிச் சுழிக்கும் நீரைப் போல அதே இடத்தில் சுற்றத் தொடங்கினால், இதயம் நிமிடத்துக்கு இருநூறு முறைகூடத் துடித்து, ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் நின்றுவிடலாம். வேகமாக ஓடும்போது உடலில் பாயும் அட்ரினலின் இந்தச் சுழற்சியைத் தூண்டிவிடக்கூடியது. நோயின் தொடக்கக் கட்டத்தில் வேறொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது: காக்ஸாக்கி வைரஸ் செலுத்தப்பட்ட எலிகளை நீந்த வைத்த சோதனையில், ஓய்வாக விடப்பட்ட எலிகளைவிட அவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியதையும், அதிக எண்ணிக்கையில் அவை இறந்ததையும் 1970-இலேயே ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். இளம் விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் திடீரென்று விழுந்து இறக்கும் நிகழ்வுகளின் பின்னால் இருக்கும் காரணங்களில் கண்டறியப்படாத இதயத்தசை அழற்சியும் ஒன்று.

இதைப் படித்துவிட்டு, 'நான்தானே எழுப்பி அனுப்பினேன்' என்று நீங்கள் மேலும் உடைந்துபோகக் கூடாது. வைரஸ் அவர் உடம்பில் புகுந்தது உங்களால் அல்ல. காய்ச்சலில் படுத்திருந்த நாட்களிலேயே, அவர் மைதானத்தில் கால் வைப்பதற்கு முன்பே, அது இதயத்தை எட்டியிருக்க வேண்டும். ஓடாமல் இருந்திருந்தால் வலி வந்திருக்காது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஓடாமல் வீட்டில் படுத்திருந்தவர்களுக்கும் இது வருகிறது. காய்ச்சலோடும், காய்ச்சல் விட்ட உடனேயும் கடும் பயிற்சி கூடாது என்பதை நம் பள்ளிகளோ பயிற்சி மையங்களோ சொல்லித் தருவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வலி என்றதும் இரவோடு இரவாக மருத்துவமனைக்குக் கொண்டுசென்றீர்களே, அவருக்குத் தேவைப்பட்டது அதுதான்.

மாத்திரைகள் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது விடை எளிதாக இருக்கும். ராமிப்ரில் இதயத்தின் சுமையைக் குறைத்து, காயப்பட்ட தசை விரிந்து தளர்ந்துபோகாமல் காக்கிறது. மெட்டோப்ரோலால் அட்ரினலினின் தாக்கத்தைக் குறைத்துத் துடிப்பைச் சீராக வைத்திருக்கிறது. இரண்டும் அடைப்புக்கான மருந்துகள் அல்ல. பலவீனப்பட்ட தசைக்கான மருந்துகள். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்துவது தனியே ஆபத்தானது. ராமிப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். வந்தால் தாங்களாகவே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று மாத்திரை தருவார். அதைச் சாப்பிடும் காலத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். எக்கோவில் எண் 55-ஐத் தாண்டியதும் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். வெவ்வேறு காரணங்களால் இதயத்தசை பலவீனமாகி, மருந்தால் முழுவதும் தேறியவர்களுக்கு மருந்தை நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. நிறுத்திய ஆறு மாதத்துக்குள் அவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் பலவீனம் திரும்பியது. அவர்கள் எல்லோரும் உங்கள் மகனைப் போன்ற நோயாளிகள் அல்லர் என்றாலும், எப்போது, எந்த வரிசையில் மருந்தைக் குறைப்பது என்பதை மருத்துவரின் முடிவுக்கே விட்டுவிட அந்தச் செய்தி போதும்.

ஸ்டீராய்டு கொடுத்தால் அழற்சி உடனே அடங்காதா என்று யாராவது கேட்பார்கள். 111 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வில், பொதுவான இதயத்தசை அழற்சிக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் கூடுதல் பலன் தரவில்லை. இராட்சதச் செல் அழற்சி, இயோசினோஃபில் அழற்சி, சார்க்காய்டோசிஸ் ஆகிய அரிய வகைகளில்தான் அவை உயிர் காக்கும். அத்தகையவற்றை அடையாளம் காண இதயத்திலிருந்து சிறு தசைத்துணுக்கை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மருந்து கொடுத்தும் நாளுக்கு நாள் மோசமாகிறவர்களுக்கும், இதயத் துடிப்பில் பெரும் கோளாறு வந்தவர்களுக்கும்தான் அது தேவை. ஐந்து நாட்களில் வீடு திரும்பிய உங்கள் மகன் அந்தக் கூட்டத்தில் இல்லை.

வலி நிவாரணி மாத்திரைகளில் கவனம் தேவை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம். தலைவலி, உடம்பு வலிக்குப் பாரசிட்டமால் போதும். மது அறவே கூடாது, புகையும் கூடாது. இந்த மாத்திரைகளுக்குப் பதிலாக நாட்டு மருந்துக்கு மாறுவதும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியம், சூரணங்களைக் கூடவே சாப்பிடுவதும் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு போதும். உப்பை மட்டும் குறைத்து, ஊறுகாய், அப்பளம், கருவாட்டைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

இந்த நோயின் போக்கைப் பற்றி 2013-இல் ஐரோப்பிய இதயவியல் நிபுணர் குழு எழுதிய கணக்கின்படி, ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இரண்டு முதல் நான்கு வாரங்களில் நோய் தணிகிறது. கால் பங்கினருக்கு இதயப் பலவீனம் நீடிக்கிறது. மீதமுள்ளவர்களில் சிலர் தீவிரமாக மோசமடைகிறார்கள். நீங்கள் இதைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனைகளில் கடுமையான நிலையில் சேர்க்கப்பட்டவர்களை அதிகம் கொண்ட கணக்கு அது. மாரடைப்பைப் போன்ற நெஞ்சு வலியோடு வந்து, ரத்த அழுத்தம் குறையாமல், ஆபத்தான துடிப்புக் கோளாறு இல்லாமல், பம்ப் செய்யும் திறன் சற்றே குறைந்திருக்கும் உங்கள் மகனைப் போன்ற இளைஞர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். ஓய்வைக் காப்பாற்றினால் உங்கள் மகன் அவர்களில் ஒருவராவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஓய்வு என்றால் படுக்கையிலேயே கிடப்பது அல்ல. வீட்டுக்குள் நடமாடலாம், கடைக்கு மெதுவாக நடந்து போய்வரலாம், எழுத்துத் தேர்வுக்குப் படிக்கலாம். மூச்சு வாங்கும் வேலை எதுவும் கூடாது: மூட்டை தூக்குவது, மாடிப்படிகளில் ஓடுவது, மண்வெட்டி பிடிப்பது, பளு தூக்குவது எல்லாம் இதில் அடங்கும். நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விதி, போட்டி விளையாட்டுக்கும் கடும் பயிற்சிக்கும் மூன்று முதல் ஆறு மாதங்கள் திரும்பக் கூடாது என்பது. லேசான நோயாளிகளுக்கு, எல்லாப் பரிசோதனைகளும் சீராகிவிட்டால், அதற்கு முன்பே அனுமதிக்கலாம் என்ற கருத்து அண்மையில் வளர்ந்து வருகிறது. 45 சதவிகித எக்கோவும், எடுக்கப்படாத எம்.ஆர்.ஐ.யும், குடும்பத்தில் ஒரு திடீர் மரணமும் இருக்கும் ஒருவருக்கு நான் பழைய விதியைத்தான் பிடித்துக்கொள்வேன். அந்தக் காலத்தின் முடிவில் ட்ரோபோனின் இயல்பாகியிருக்க வேண்டும். எக்கோவில் திறன் திரும்பியிருக்க வேண்டும். 24 மணி நேர ஹோல்ட்டர் பதிவிலும் (தொடர்ந்து எடுக்கும் இ.சி.ஜி.) டிரெட்மில் சோதனையிலும் துடிப்புக் கோளாறு எதுவும் இருக்கக் கூடாது. முதல் படத்தில் தழும்பு இருந்திருந்தால் எம்.ஆர்.ஐ.யை மறுபடி பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பிறகு முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு வேகம் என்று வாரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போகலாம். காவலர் தேர்வில் கேட்கும் ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர் ஓட்டம் என்பது அதற்கெல்லாம் பிறகுதான். 23 வயதில் ஒரு தேர்வு போனால் அடுத்த அறிவிப்பு வரும். தேர்வு வாரியத்துக்கு மருத்துவச் சான்றிதழோடு எழுதிக் கேட்டும் பார்க்கலாம். நோயை மறைத்து மட்டும் மைதானத்துக்குப் போக விடாதீர்கள். அவர் ஏமாற்றத்தில் இருப்பார், கோபப்படுவார்; நண்பர்கள் ஓடுவதைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் ஒருநாள் ஓடிப் பார்க்கலாம் என்றும் நினைப்பார். இந்தப் பதிலை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

நெஞ்சு வலி மறுபடி வந்தாலோ, காரணமில்லாமல் படபடத்தாலோ, கண் இருட்டி மயக்கம் வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாட்களில் உடல் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. மயங்கி விழுந்தால் 108-ஐ அழையுங்கள். இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுசெல்ல வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றும், மாத்திரைகளின் பட்டியலும் எப்போதும் அவர் பையில் இருக்கட்டும்.

உங்கள் மகளுக்கு இதயத்தசை அழற்சி அண்ணனிடமிருந்து தொற்றாது. அந்த வைரஸ் வீட்டில் யாருக்காவது தொற்றியிருந்தால் சளியோ வயிற்றுப்போக்கோ வந்து, இதற்குள் போயிருக்கும். மகளுக்கு அறிகுறி எதுவும் இல்லாதபோது ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகள் வேண்டாம். ஆனால் சித்தப்பாவின் மரணத்தைக் கருதி, உங்கள் கணவரும் மகளும் ஒரு இ.சி.ஜி.யும் ஒரு எக்கோவும் எடுத்துக்கொள்வது நல்லது. மகனை அடுத்த முறை அழைத்துச் செல்லும்போது, விசாரித்து எழுதிய குடும்ப விவரத்தாளோடு அவர்கள் இருவரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.